ஈ வராத தோப்பு

அந்த வருஷம் சூளகிரி மலையடி மாந்தோப்பு பூத்த பூவை, ஓசூர் பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இலையே தெரியவில்லை. மரம் மரமாக மஞ்சள் அரைத்துப் பூசி நிறுத்தினது போல இருந்தது. ஷரீஃபுன்னிசாவும் அவள் புருஷன் முனீர் அகமதுவும் எட்டு வருஷமாக அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள். பூ வைத்ததும் உள்ளே குடிசை போட்டால், கடைசிக் காய் லாரி ஏறுகிற வரைக்கும் அங்கேதான் சோறு, அங்கேதான் தூக்கம். அவர்களே அப்படி ஒரு பூவைப் பார்த்ததில்லை.

பார்த்து என்ன புண்ணியம்? தை முடிவதற்குள் பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. தேய்ந்த விளக்குமாறு மாதிரி வெறும் காம்புகள்தான் கிளை நுனியில் நின்றன. போன வருஷமும் இதே கதைதான்.

காரணம் ஊருக்கே தெரியும், பாக்டரிப் புகை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்பிரிங் செய்கிற பாக்டரி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. புகைக் குழாயைப் பார்த்துக் காலையில் ஒரு வசவு, சாயங்காலம் ஒரு வசவு என்று ஷரீஃபுன்னிசாவும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். தோப்பு வெங்கடம்மாளுடையது. அவள் அப்பா சீராகக் கொடுத்த நிலம், பட்டா அவள் பேரில் இருந்தது. ஆனால் வெளிப்பேச்சு எல்லாம் அவள் புருஷன் சென்னகிருஷ்ணன்தான். அவர் தன் முடிவைச் சொல்லிவிட்டார். மாசியில் வருகிற இரண்டாம் பூவாவது காயாகவில்லை என்றால், உகாதியன்றைக்குப் புரோக்கர் ராஜப்பனிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவது. மரத்தை வெட்டி, பாக்டரிக்காரர்களுக்கு பிளாட் போட்டு விற்றுவிடுவது. காய்க்காத மரத்துக்குக் காவல் இருக்க அவருக்கென்ன பைத்தியமா.

ஷரீஃபுன்னிசா கல் குவாரியில் பிறந்தவள். நடக்கப் பழகினதும் சல்லி பொறுக்கினாள், கை பலத்ததும் சுத்தியல் பிடித்தாள். கல்யாணமாகித் தோப்புக்கு வந்த பிறகுதான் நிழலில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. முனீரோ லாரிக்கு மூட்டை தூக்கி இடுப்பு விட்டவன், ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூன்று நாள் படுப்பான். தோப்பு போனால் சுத்தியல் பிடிக்கப்போவது அவள் ஒருத்திதான். இதை அவர்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. தோப்பின் கடைசி வரிசையில், வேலியோரம் நாலு மரம் மட்டும் தை மாசத்துப் பூவிலேயே கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் அக்பர் பாஷாவின் தோல் கொட்டகை. சந்தைக் கறிக்கடைகளில் ஆட்டுத் தோல் வாங்கி, கொழுப்பு சுரண்டி, உப்புப் போட்டு அடுக்கி, வாணியம்பாடிக்கு அனுப்புகிற தொழில். மூக்கு உள்ளவன் அந்தப் பக்கம் போகமாட்டான். அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் மட்டும் எப்படிக் காய்க்கும்?

உப்புதான் என்று அவள் முடிவு கட்டினாள். தோல் கழுவின தண்ணீர் வேலி தாண்டி ஊறி வேருக்குப் போகிறது, உப்பு பட்டால் மரத்துக்கு ரோஷம் வரும் என்று முனீரும் ஒத்து ஊதினான். கொட்டகைக் குழியிலிருந்த உப்புத் தண்ணீரை டின் டின்னாக மொண்டு, நடுத்தோப்பில் நல்ல மரமாகப் பார்த்து அவள் ஊற்றினாள். முனீர் கூடவே நடந்து வழி சொன்னான். ஒரு வாரத்தில் மரத்துக்கு ரோஷம் வந்தது. இலையெல்லாம் ஓரத்திலிருந்து தீய்ந்து சுருண்டு, கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சென்னகிருஷ்ணன் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றவர் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் திட்டினார். வெட்டுகிறவன் வருவதற்குள் நீங்களே மரத்தைக் கொன்றுவிடுவீர்கள் போலிருக்கிறது என்றார். போகும்போது, இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை டிராக்டரில் மெஷின் வரும், பூ மேலேயே கெட்டியாக மருந்து அடிக்கப்போகிறேன், எந்தப் பூச்சியும் தப்பாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிப் பூ அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனாள். தோலில் ஈ உட்கார்ந்து புழு வைக்கிறது என்று அவன் கார்த்திகையிலேயே மூங்கில் நட்டு, காயப்போடுகிற இடத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் பழைய கொசுவலைத் துணியைக் கூண்டு மாதிரி கட்டியிருந்தான். வேலியோரத்து மாமரம் ஒன்றின் கிளை தாழ்ந்து வந்து அந்தக் கூண்டுக்குள் நுழைந்து கிடந்தது. காய்ந்த பூத்தூசி தோல் மேல் கொட்டுகிறது, அந்தக் கொம்பை வெட்டி எறிந்துவிட்டுப் போ என்று அரிவாளை எடுத்துக் கொடுத்தான்.

அவள் தோல் அடுக்கின் மேல் ஏறி அரிவாளை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

வலைக்கு வெளியே இருந்த கிளைப் பாதியில் பிஞ்சு, கோலிக்குண்டு கோலிக்குண்டாக. வலைக்குள்ளே இருந்த பாதியில் ஒன்றுமில்லை, வெறும் விளக்குமாறு. ஒரே மரம், ஒரே கிளை. அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கிளையைக் கையால் தடவிக்கொண்டே போனாள். துணி எங்கே கிளையைத் தொடுகிறதோ அந்த இடத்தில் காய் நின்றுபோயிருந்தது.

“இன்னாடி, கொம்பை வெட்டச் சொன்னா பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மொறைச்சுக்கினு நிக்கற” என்றான் பாஷா, வாயில் சோற்றோடு.

“அண்ணே, இந்த வலைக்குள்ள வெயில் வருதில்ல?”

“வராம?”

“காத்து? பாக்டரிப் புகை?”

“கொசுவலைல புகை நிக்குமா? உனக்கு இன்னா ஆச்சு?”

“அப்ப உள்ள வராதது எது?”

“ஈ” என்றான் அவன். “அதுக்குத்தான கட்னன்.”

அவள் குதித்து இறங்கி வலைக்கு வெளியே ஓடினாள். பக்கத்து மரத்தில் மாசிப் பூ புதிதாக விரிந்திருந்தது. கொத்தை இழுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கொட்டகையில் பிறந்த பச்சை ஈயும் சின்ன ஈயும் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் நக்கிக்கொண்டிருந்தன. ஒரு பூவில் முகத்தை விட்டு, காலைத் தேய்த்து, எழுந்து அடுத்த பூவில் உட்கார்ந்தன. மயிர் மயிரான காலெல்லாம் மஞ்சள் தூள். ஒரு பூவின் தூளை இன்னொரு பூவுக்குச் சுமந்துகொண்டு போகின்றன, கூலி கேட்காமல். அதே ஓட்டமாக நடுத்தோப்புக்கு வந்து, பூத்து நின்ற பெரிய மரத்தடியில் மூச்சை அடக்கி நின்றாள். சத்தமே இல்லை. இத்தனை பூவுக்கு நடுவில் ஒரு ரீங்காரம் இல்லை. இரண்டு வருஷமாக இந்த அமைதியை அவள் எப்படிக் கவனிக்காமல் போனாளோ.

முன்னே அப்படி இல்லை. நடுத்தோப்பில் சென்னகிருஷ்ணனின் மாட்டுக்கொட்டகை இருந்தது, பக்கத்திலேயே குப்பைக்குழி. சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கும். குழியை மூடச்சொல்லி வெங்கடம்மாளிடம் போய் மூக்கைச் சிந்தினதே ஷரீஃபுன்னிசாதான். அப்புறம் டிராக்டர் வந்தது, மாட்டை விற்றார்கள், குழியிலிருந்த எருவை ஓசூர் ரோஜாத் தோட்டத்துக்காரன் ஒரு சாணி விடாமல் வழித்துக்கொண்டு போனான். அந்த வருஷம்தான் பாக்டரியும் வந்தது. எல்லாரும் புகைக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாணி போனதையும், சாணியோடு ஈ போனதையும் யார் பார்த்தார்கள்? ஈ இல்லாமல் சோறு தின்னலாம் என்று அவள் சந்தோஷமாகத் தின்றாள்.

முனீரிடம் மூச்சிரைக்கச் சொன்னபோது அவன் கட்டிலில் படுத்தவாறே கேட்டுவிட்டு, உப்பு முடிந்து இப்போது ஈயா என்றான்.

“நெசமாத்தான் சொல்றன். வந்து வலையைப் பாரு.”

“சரி, நெசம்னே வச்சிக்க. ஈயைப் புடிச்சாந்து ஒவ்வொரு பூவுலயும் குந்த வைக்கப் போறியா?”

“புடிக்க வாணாம். கூப்டா வரும்.”

“எப்டி கூப்டுவ?”

“நாத்தத்தால” என்றாள் அவள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும், அதனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் எழுந்து வந்தான். வந்து கிளையைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். சூளகிரிக் கறிக்கடைகளில் வீசி எறிகிற ஆட்டுக் குடல், மீன்காரி கொட்டுகிற தலையும் செவுளும், அண்ணன் கொட்டகையில் சுரண்டின கொழுப்பு, எல்லாவற்றையும் கூடையில் சுமந்து வந்தாள். கறிக்கடைக்காரன் எதுக்கு என்று கேட்டதற்கு, மாமரத்துக்கு விருந்து என்று சொன்னாள். முதல் தடவை கோணியில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டாள். விடிந்து பார்த்தால் பாக்டரி குவார்ட்டர்ஸ் நாய்கள் கோணியை எட்டிப் பிடித்துக் கிழித்து, குடலைத் தோப்பு முழுக்க இழுத்துப் போட்டிருந்தன. மிச்சத்தைக் காக்கா தூக்கிக்கொண்டு போயிருந்தது. உடனே ஓட்டை டின்களைத் தேடிப் பிடித்தாள். சுற்றிலும் ஆணியால் துளை போட்டு, மூடியைக் கம்பியால் இறுக்கி, நாய் எட்டாத உயரத்தில் மரம் விட்டு மரம் கட்டினாள். முனீர் கீழே உட்கார்ந்து டின்னுக்கு ஆணி அடித்தான், அதற்கு இடுப்பு தேவையில்லை.

புதன்கிழமை வெயில் ஏறினதும் டின்கள் வேலையைக் காட்டின. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. கண்ணில் எரிச்சல் வரும், நாக்கில் கசப்பு ஊறும். ஷிப்டுக்கு சைக்கிளில் போகிற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாயம்மா பிரியாணி ஊசிப்போச்சா என்று கத்திவிட்டுப் போனார்கள். உங்க கேண்டீன் சாம்பாருக்கு இது தேவலாம் என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். மத்தியானத்துக்கு மேல் முதல் ஈ வந்தது. வியாழக்கிழமை காலையில் தோப்புக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரத்துக்குள் யாரோ மோட்டார் ஓட்டுகிறார்கள். அத்தனை ரீங்காரம். டின்னில் உட்கார்ந்து அலுத்த ஈயெல்லாம் மேலே பூவுக்குத் தேனுக்குப் போயின. பின்னாலேயே உடம்பில் கோடு போட்ட சின்ன ஈக்கள், அப்புறம் தும்பி, தும்பியைப் பிடிக்கப் பஞ்சுருட்டான் குருவி. ஒன்றைக் கூப்பிட்டால் அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்குகிறது. அவளுக்கு நடக்கத் தோன்றவில்லை, மரத்துக்கு மரம் ஓடினாள். முனீர் மேல் ஒரு ஈ உட்கார்ந்தபோது அவன் அடிக்கக் கை ஓங்க, அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டிராக்டர் சொன்னபடி வந்தது, பின்னால் மருந்து டிரம், மெஷின், குழாய் பிடிக்க இரண்டு ஆள். முன்னால் சென்னகிருஷ்ணன், மூக்கில் துண்டு கட்டியிருந்தார். அந்த நாற்றம் இரண்டு நாளாக அவர் வீட்டுக்குள்ளும் போயிருந்தது. ஷரீஃபுன்னிசா தோப்பு வாசலில் டிராக்டருக்கு நேரே போய் நின்றாள். மருந்து அடித்தால் வந்த ஈ எல்லாம் செத்துவிடும், ஈ செத்தால் பூ போய்விடும் என்றாள். அவர் நம்பவில்லை. நம்பாதது அவர் தப்பு இல்லை. கொஞ்ச நாள் முன்னால்தான் உப்பைச் சொல்லி அவர் மரத்தைக் கொன்றிருந்தாள். பூச்சியை வளர்த்துக் காய் எடுக்கிறவளை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை, தள்ளு என்றார். அவள் தள்ளவில்லை. டிராக்டர் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தான்.

சத்தம் கேட்டு வெங்கடம்மாள் வந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது, அதில் கோபம் இருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, இந்தக் கண்றாவியை முதலில் அவிழ்த்து எறி என்றாள். ஷரீஃபுன்னிசா எட்டி அவள் கையைப் பிடித்தாள். அதுவரைக்கும் அவளைத் தொட்டதில்லை.

“அக்கா, ஒரு நிமிஷம் எங்கூட வா. பாத்துட்டு, அப்புறம் நீ வாணாம்னு சொன்னா நானே எல்லாத்தையும் அவுத்துடறன். மூட்டை கட்டிக்கினு போயிடறன்.”

வேலியோரம் வரைக்கும் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். கிளையைக் காட்டினாள். வெங்கடம்மாள் வலைக்கு வெளியே பார்த்தாள், உள்ளே பார்த்தாள். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுக் குனிந்து மறுபடி பார்த்தாள். துணியைக் கொஞ்சம் விலக்கி, கிளை அதே கிளைதானா என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். பிஞ்சு ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து முகர்ந்தாள்.

“நம்ம மாடு இருந்த வரைக்கும் காச்சுது” என்றாள் கடைசியில், தனக்குத்தானே.

“ஆமாக்கா.”

“குழியை மூடச் சொன்னது நீதான?”

“நான்தான். அறிவு இல்ல, சொன்னன்.”

வெங்கடம்மாள் திரும்பி வந்து புருஷனிடம் தெலுங்கில் பேசினாள். அவர் கையை ஆட்டிப் பேசினார், அவள் ஆட்டாமல் பேசினாள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சில் எங்கோ ஒரு இடத்தில் வந்திருக்க வேண்டும், அவர் குரல் அங்கே இறங்கியது. பிறகு அவள் எல்லாருக்கும் கேட்கும்படித் தமிழில் சொன்னாள். “ரோட்டுப் பக்கத்துப் பாதி அவருக்கு. மருந்து அடிக்கட்டும். மலைப் பக்கத்துப் பாதி பாயம்மாவுக்கு. நாறட்டும். உகாதிக்குப் பாக்கலாம்.”

முழுத் தோப்பையும் விடச் சொல்லி ஷரீஃபுன்னிசா கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. காற்று அன்றைக்கு மலையிலிருந்து ரோட்டுப் பக்கம் அடித்தது, மருந்து இந்தப் பக்கம் வராது, அந்த மட்டுக்கும் அவளுக்கு லாபம். மெஷின் ரோட்டுப் பக்கத்தில் உறும ஆரம்பித்ததும், நடுவில் இருந்த மரங்களில் தொங்கின டின்களை அவிழ்த்து மலைப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஈ மேகமாகப் பின்னாலேயே வந்தது. ஓடமுடியாத முனீர் கூட ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதற்காக மூன்று நாள் படுத்தான்.

அதற்கப்புறம் அவள் தூங்கின தூக்கம் தூக்கமா? விடிந்ததும் கிளைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். பூ காயும், கொட்டும். பூ கொட்டத்தானே செய்யும், எல்லாப் பூவும் காயாகுமா என்று முனீர் சொல்வான். ஒரு காலை மலையோரத்து மரத்தில், காய்ந்த காம்புக்கு நடுவில் பச்சையாக ஒரு மிளகு. பக்கத்தில் இன்னொன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த கொத்தைப் பிடித்தாள், அதிலும் மிளகு. அடுத்த மரத்துக்கு ஓடினாள். குடிசைக்குத் திரும்பி வரும்போது முந்தானையை முகத்தில் போட்டு அழுதுகொண்டு வந்ததைப் பார்த்து முனீர், போச்சு என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிடிச்சிருச்சுய்யா, பிடிச்சிருச்சு என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

உகாதிக்கு முந்தின நாள் நாலு பேரும் தோப்பைச் சுற்றி வந்தார்கள். சென்னகிருஷ்ணனோடு புரோக்கர் ராஜப்பனும் வந்திருந்தான். மலைப் பக்கத்தில் கொத்துக்கொத்தாக நெல்லிக்காய் அளவு பிஞ்சு. ரோட்டுப் பக்கத்தில் மரங்கள் மருந்தில் குளித்துப் பளபளவென்று நின்றன, ஒரு பூச்சி கிடையாது, ஒரு காயும் கிடையாது. சென்னகிருஷ்ணன் ஒரு கொத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார்.

வெங்கடம்மாள்தான் சொன்னாள். ரோட்டுப் பக்கத்தை ராஜப்பன் பேசி முடிக்கலாம், மலைப் பக்கம் விற்பனைக்கு இல்லை.

ஷரீஃபுன்னிசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அக்கா, அது மரத்தோட தப்பு இல்ல. அடுத்த வருஷம் அதுவும் காய்க்கும்க்கா.”

“தெரியும்” என்றாள் வெங்கடம்மாள். “எனக்குக் கட்டிக் குடுக்க ரெண்டு பொண்ணு இருக்கு. அவங்க அடுத்த வருஷம் வரைக்கும் நிக்க மாட்டாங்க.”

அதற்கு மேல் அந்தப் பேச்சில் இடமில்லை. ராஜப்பன் அங்கேயே ரோட்டுப் பக்கத்தைக் காலால் அளக்க ஆரம்பித்துவிட்டான். பாதித் தோப்பு போகிறது. பாதித் தோப்பு நிற்கிறது. ஷரீஃபுன்னிசா ரோட்டுப் பக்கத்து மரங்களை ஒரு தடவை பார்த்தாள். திரும்பிக்கொண்டாள். நிற்கிற பாதிக்கு இப்போதே பேசவில்லை என்றால் அதுவும் நிற்காது.

“அப்ப மலைப் பக்கத்தை எனக்கு வருஷா வருஷம் பேசாத. நீட்டு வாக்கா, பல வருஷத்துக்குச் சேத்து எழுதிக் குடு. அப்புறம் மாடு வேணும். குடலும் மீன் தலையும் எத்தினி வருஷத்துக்குச் சொமக்கறது?”

வெங்கடம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குத்தகைக்காரி மாடு கேட்டு அவள் கேள்விப்பட்டதில்லை. சாமல்பட்டியில் அக்காள் வீட்டில் இரண்டு எருமை நிற்கிறது, ஓட்டிவரச் சொல்கிறேன் என்றாள். “குழியை நீயே தோண்டிக்க. காத்து எங்க வூட்டுப் பக்கம் திரும்புச்சின்னா, உன்னையே அதுல தள்ளி மூடிடுவன்.”

வெயில் தாழ்வதற்குள் அவள் மண்வெட்டியோடு மலைப் பக்கத்துக்கு நட்ட நடுவில் நின்றாள். முனீர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, இங்கே தோண்டினால் குடிசையில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது, வேலியோரமாகத் தள்ளித் தோண்டு என்று மூன்று தடவை சொன்னான். தலைக்கு மேல் பிஞ்சுக்கு நடுவில் மிச்சம் இருந்த பூவில் ஈ ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

“சோத்தை நீ வேலியோரமா போய்த் தின்னு” என்று சொல்லிவிட்டு முதல் வெட்டைப் போட்டாள்.